சாவி கொடுத்தவர் தலையில் 30 லட்சம்!

லைசென்சு இல்லாதவர் கார் ஓட்டினால் இன்சூரன்சு என்ன ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீடு. வாசலில் கார் நிற்கிறது.

"மாமா, சாவியைக் கொடுங்கள். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போய் அத்தையை அழைத்து வந்துவிடுகிறேன்" என்கிறான் மருமகன். அவனுக்கு வயது 19. காலேஜில் படிக்கிறான்.

"லைசென்சு வாங்கிவிட்டாயாடா?" என்று கேட்கிறார் மாமா.

"அடுத்த மாதம் வாங்கிவிடுவேன் மாமா. ஓட்டத்தான் நன்றாகத் தெரியுமே! இதோ இருக்கிறது சத்திரம். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்."

மாமா யோசிக்கிறார். பையன் நன்றாகத்தான் ஓட்டுகிறான். காருக்கு "புல் இன்சூரன்சு" இருக்கிறது. ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

மாம்பழச் சாலையில் கார் திரும்புகிறது. எதிரே சைக்கிளில் ஒரு பூ வியாபாரி வருகிறார். பையன் பிரேக்கை மிதிக்க நினைத்து, பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுகிறான்.

பூக்கூடை நடு ரோட்டில் சிதறுகிறது. வியாபாரி அங்கேயே உயிர் விடுகிறார்.

இது கற்பனைக் கதை. ஆனால் இதே மாதிரிச் சம்பவங்கள் கோர்ட்டுகளில் எத்தனையோ முறை விசாரணைக்கு வந்திருக்கின்றன. சாவி கொடுத்த மாமாவின் கதி என்ன? பூ வியாபாரியின் குடும்பத்துக்குப் பணம் யார் கொடுப்பார்கள்? கட்டிய இன்சூரன்சு எதற்கு உதவும்?

கார் வைத்திருப்பவர்கள் மட்டும் அல்ல, ரோட்டில் நடந்து போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

போலீசு கேட்கும் முதல் கேள்வி

விபத்து நடந்ததும் போலீசார் வருவார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லைசென்சு எங்கே?"

லைசென்சு இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 3-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஓட்டியவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

"ஓட்டியவன் பையன்தானே, எனக்கு என்ன?" என்று மாமா ஒதுங்கிக்கொள்ள முடியாது.

லைசென்சு இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதும் தனிக் குற்றம். சட்டத்தின் 5-வது பிரிவு இதைத் தடுக்கிறது. வண்டியின் சொந்தக்காரருக்கும் 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வண்டியைப் போலீசார் பிடித்துவைக்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஓர் உயிர் போயிருப்பதால் இன்னொரு வழக்கும் வரும். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த வழக்கு அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது.

19 வயதுப் பையன். காலேஜ் படிப்பு. இனி கோர்ட்டு வாசல்.

இன்சூரன்சு என்ன சொல்கிறது?

மாமா பீரோவைத் திறந்து இன்சூரன்சுக் காகிதத்தை எடுக்கிறார். அதைப் பல பேர் முழுவதும் படிப்பதே இல்லை. வாங்கும்போது விலையைப் பார்ப்பார்கள். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அந்தக் காகிதத்தில் "யார் ஓட்டலாம்?" என்று ஒரு பகுதி இருக்கும். சொந்தக்காரர் ஓட்டலாம், வேறு யாரும் ஓட்டலாம் என்று அதில் இருக்கும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கும். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லத்தக்க லைசென்சு இருந்திருக்க வேண்டும் என்பதே அது.

"அடுத்த மாதம் வாங்கிவிடுவேன்" என்பது இங்கே செல்லாது. விபத்து நடந்த நிமிஷத்தில் இருந்ததா என்பதுதான் கணக்கு.

"புல் இன்சூரன்சு" என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று பாதுகாப்புகள் சேர்ந்தது.

ஒன்று, நமது காருக்கு ஏற்படும் சேதம்.

இரண்டு, ஓட்டும் சொந்தக்காரருக்கு உயிர்ச் சேதம் ஏற்பட்டால் 15 லட்சம் ரூபாய்.

மூன்று, ரோட்டில் போகும் மற்றவர்களுக்கு நம்மால் ஏற்படும் நஷ்டம். இதைத்தான் "தேர்டு பார்ட்டி" என்கிறார்கள். மூன்றாம் மனிதர் என்று பொருள். கம்பெனி ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், இருவரையும் சேராத மூன்றாமவர் அவர். நமது கதையில் பூ வியாபாரிதான் அந்த மூன்றாம் மனிதர்.

லைசென்சு இல்லாத பையன் ஓட்டியதால் இந்த மூன்றும் என்ன ஆகின்றன?

முதல் பாதுகாப்பு போச்சு. காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தால், அதைச் சரிசெய்யும் செலவு மாமாவுடையது. கிளெயிம் பாரத்துடன் ஓட்டியவரின் லைசென்சு நகலையும் கம்பெனி கேட்கும். நகல் இல்லை என்றால் பணம் இல்லை.

இரண்டாவது பாதுகாப்பு, லைசென்சு உள்ள சொந்தக்காரர் ஓட்டும்போது மட்டுமே. பையனுக்கு அடிபட்டிருந்தாலும் இந்த வகையில் ஒரு காசு கிடைக்காது.

மூன்றாவது பாதுகாப்பில்தான் சட்டம் வேறு வழியில் போகிறது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

கையில் தீர்ப்பு, பையில் காசில்லை!

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில், வண்டி மோதிச் செத்தவரின் குடும்பம் வழக்குப் போடும், ஜெயிக்கும். தீர்ப்பு கைக்கு வரும். ஆனால் வண்டிக்காரரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு வழி காண இங்கிலாந்து 1930-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும், மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்காக இன்சூரன்சு செய்தே ஆக வேண்டும் என்றது அது.

இந்தியாவில் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதில் இருந்த கட்டாய இன்சூரன்சு விதி 1946 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. விபத்து நஷ்ட ஈட்டை விசாரிக்கத் தனி விசாரணை மன்றங்கள் அமைக்க 1956-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது இருப்பது 1988-ம் ஆண்டுச் சட்டம். 2019-ல் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது.

இந்தக் கட்டாய இன்சூரன்சு வண்டிக்காரருக்காகப் பிறந்தது அல்ல. ரோட்டில் நடந்து போகிறவருக்காகப் பிறந்தது. வண்டிக்காரர் செய்த தவறுக்காக, ஒன்றும் அறியாத அந்த மனிதரின் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

முதலில் கொடு, பிறகு வாங்கிக்கொள்!

லைசென்சு இல்லாதவர் ஓட்டினார் என்று கம்பெனி கையை விரித்தால், பூ வியாபாரியின் மனைவி மக்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குச் சுப்ரீம் கோர்ட்டு 2004 ஜனவரி 5-ந் தேதி ஒரு தீர்ப்பில் பதில் சொன்னது. மூன்று நீதிபதிகள் சேர்ந்து அளித்த தீர்ப்பு அது.

லைசென்சு இல்லை என்று கம்பெனி சொன்னால் மட்டும் போதாது. வண்டியின் சொந்தக்காரர் தெரிந்தோ அஜாக்கிரதையாலோ நிபந்தனையை மீறினார் என்று கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்றது கோர்ட்டு.

அப்படி நிரூபித்துவிட்டாலும், மூன்றாம் மனிதருக்கு உரிய பணத்தை முதலில் கம்பெனி கொடுக்கும்படி விசாரணை மன்றம் உத்தரவிடலாம். பிறகு அந்தப் பணத்தை வண்டியின் சொந்தக்காரரிடம் கம்பெனி வசூல் செய்துகொள்ளலாம்.

"கொடு, பிறகு வசூல் செய்" என்று வக்கீல்கள் இதைச் சொல்வார்கள்.

பூ வியாபாரியின் குடும்பத்துக்கு இதனால் வழி பிறக்கிறது. மாமாவுக்கு அல்ல. கம்பெனி கொடுத்த பணம் முழுவதும் மாமா தலையில் வந்து விழுகிறது.

வசூலுக்காகக் கம்பெனி புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டியதில்லை. அதே தீர்ப்பைக் காட்டி, நிறைவேற்றும்படி மனு கொடுத்தால் போதும். கார், வீடு, நிலம் எல்லாம் ஜப்திக்கு உள்ளாகும்.

எல்லா வழக்கும் ஒரே மாதிரி முடியும் என்று நினைத்துவிடக்கூடாது. கம்பெனிக்குப் பொறுப்பே இல்லை என்று விடுவித்த வழக்குகளும் உண்டு. அப்போது குடும்பம் நேராக மாமாவிடம்தான் பணம் கேட்கும். எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் அது வந்து நிற்கும் இடம், சாவி கொடுத்தவர் வீட்டு வாசல்.

30 லட்சம் எப்படி வந்தது?

"ஒரு பூ வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்? லட்சம், இரண்டு லட்சம் இருக்குமா?" என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவருக்கு வயது 35. மாதம் 15 ஆயிரம் ரூபாய் சம்பாதித்தார். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். ஆக அவரை நம்பி 4 பேர்.

சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் அளித்த தீர்ப்புகளில் கணக்கிடும் முறை இருக்கிறது.

40 வயதுக்குக் குறைந்த சொந்தத் தொழில்காரர் என்றால், வருங்கால வருமான உயர்வுக்காக 100-க்கு 40 சேர்க்க வேண்டும். 15 ஆயிரத்துடன் 6 ஆயிரம் சேர்ந்து 21 ஆயிரம் ஆகிறது.

அவரை நம்பி 4 பேர் இருப்பதால், அவரது சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 15 ஆயிரத்து 750 ரூபாய்.

ஓர் ஆண்டுக்கு 12 மாதம். 1 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய் ஆகிறது.

35 வயதுக்கு இதை 16-ஆல் பெருக்க வேண்டும். 30 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய்!

ஈமச் செலவு, கணவனை இழந்த மனைவிக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் தரும் தொகை ஆகியவை இதற்கு மேல். வட்டியும் சேரும்.

சத்திரம் பஸ் நிலையம் வரை போய் வர ஒரு சாவி. அதன் விலை 30 லட்சம் ரூபாய்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்!"

கோர்ட்டில் பல சொந்தக்காரர்கள் சொல்லும் பதில் இது. "நான் சாவி கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்."

வடக்கே நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 17 வயதுப் பையன் ஒருவன் மாமாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போனான். அவனிடம் லைசென்சு இல்லை. விபத்தில் ஒருவர் இறந்தார். "பையன் என் வீட்டுக்கு வந்து, என்னிடம் சொல்லாமல் சாவியை எடுத்துப் போய்விட்டான்" என்றார் மாமா.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2011-ல் தீர்ப்பு வந்தது. மாமாவின் வாதம் எடுபடவில்லை. வண்டியைத் தகாதவர் கையில் போகவிடாமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரரின் கடமை. எனவே கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டை அவரிடம் வசூல் செய்யலாம் என்று முடிந்தது. தொகை 8 லட்சம் ரூபாய்க்கு மேல்.

வீட்டில் ஆணியில் மாட்டிய சாவி, மேஜை மேல் கிடக்கும் சாவி, இவற்றுக்கும் நாமே பொறுப்பு.

கவனமாக இருந்தவரைச் சட்டம் கைவிடாது

சொந்தக்காரர் தம் கடமையைச் சரியாகச் செய்திருந்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

குஜராத்தில் ஒரு லாரி. லைசென்சு உள்ள டிரைவரைத்தான் முதலாளி வைத்திருந்தார். டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் தின்பண்டம் வாங்க எதிர்க் கடைக்குப் போனார். லாரியில் கிளீனர் மட்டும் இருந்தார். அவருக்கு லைசென்சு இல்லை. அவர் லாரியை ஓட்டினார். நடந்து போன ஒருவர் அடிபட்டு இறந்தார்.

கம்பெனிதான் பணம் கொடுக்க வேண்டும் என்று 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. முதலாளி லைசென்சு உள்ள டிரைவரை வைத்து, தம்மால் முடிந்த கவனத்தை எடுத்துக்கொண்டார். நிபந்தனையை மீறியது அவர் அல்ல என்றது கோர்ட்டு.

போலி லைசென்சு விஷயத்திலும் இதே நியாயம்தான். டிரைவரை வேலைக்கு வைக்கும்போது, லைசென்சை வாங்கிப் பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பார்வைக்குச் சரியாக இருந்து, நன்றாகவும் ஓட்டினால் போதும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்று சாதாரண முதலாளியிடம் எதிர்பார்க்க முடியாது என்று 2020-லும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. போலி என்று தெரிந்தே வைத்துக்கொண்டால் தப்ப முடியாது.

18 வயது ஆகாத பிள்ளையா?

அப்படியானால் ஆபத்து இன்னும் பெரியது.

2019-ல் திருத்தப்பட்ட சட்டம் இதற்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி ஆகிறார். 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து.

அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்சே கிடைக்காது.

தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழு முயற்சி எடுத்தோம் என்று பெரியவர்கள் நிரூபித்தால்தான் தப்பலாம். நிரூபிக்கும் பாரம் அவர்களுடையது.

16 வயதில் லைசென்சு வாங்க ஒரு வழி உண்டு. ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். "கியர் இல்லாத ஸ்கூட்டர்தானே" என்று 16 வயதுப் பெண்ணிடமும் பையனிடமும் பெரிய ஸ்கூட்டரைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சந்தேகங்களும் உண்டு

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் காரில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு "எல்" எழுத்து இருக்க வேண்டும். லைசென்சு உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும். இப்படி ஓட்டினால் இன்சூரன்சும் செல்லும். எல்.எல்.ஆர்., 6 மாதம் செல்லும்.

லைசென்சு காலாவதி ஆகிவிட்டால்? முன்பு முடிந்த பிறகும் 30 நாள் தவணை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. முடியும் தேதிக்கு ஓர் ஆண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஓர் ஆண்டு தாண்டினால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கார் லைசென்சு மோட்டார் சைக்கிளுக்குச் செல்லுமா? செல்லாது. ஒவ்வொரு வகைக்கும் தனி அனுமதி வேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டி? இலகு ரக வாகன லைசென்சு வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சிறு வண்டி வைத்துப் பிழைக்கும் பலருக்கு இது நிம்மதி தந்த தீர்ப்பு.

ஆள் மாற்றினால் தப்பலாமா?

"லைசென்சு உள்ள பெரியப்பா ஓட்டினார் என்று சொல்லிவிடலாமே!" விபத்து நடந்த வீட்டில் யாராவது ஒருவர் இப்படி யோசனை சொல்வார்.

வேண்டவே வேண்டாம். கடைத்தெருவிலும் பாலத்தருகிலும் கேமராக்கள் இருக்கின்றன. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பா அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று அவரது செல்போனே சொல்லிவிடும். பொய் வெளிப்பட்டால், பொய்ச் சாட்சி என்றும் மோசடி என்றும் புதிய குற்றங்கள் சேரும். ஒருவர் மேல் இருந்த வழக்கு, மூன்று பேர் மேல் ஆகும்.

அடிபட்டவர் குடும்பம் என்ன செய்யலாம்?

பூ வியாபாரியின் மனைவியை நாம் மறந்துவிடக்கூடாது. அவருக்குச் சட்டம் தெரியாது. "அவனிடம் லைசென்சே இல்லையாம், இன்சூரன்சு கிடைக்காதாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவார். சொற்பப் பணத்தை வாங்கிக்கொண்டு ஏதோ காகிதத்தில் கைநாட்டு வைத்துவிடுவார்.

அப்படிச் செய்யக்கூடாது. லைசென்சு இல்லாதவர் மோதினாலும் நஷ்ட ஈடு கேட்க உரிமை உண்டு.

முதலில் 108-க்குப் போன் செய்ய வேண்டும். அடிபட்டவரின் உயிர்தான் முதல். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

போலீசில் புகார் பதிவாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வைக்க வேண்டும். வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும். டி.என்.45 என்றால் திருச்சி மேற்கு, டி.என்.48 என்றால் ஸ்ரீரங்கம். நம்பரை வைத்து எந்தக் கம்பெனியில் இன்சூரன்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் விசாரணை மன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த இந்தக் கெடுவைப் பலர் அறியவில்லை. விபத்து நடந்த ஊரிலோ, மனுக் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலோ மனுக் கொடுக்கலாம். அதற்காக வெளியூருக்கு அலைய வேண்டாம். திருச்சிக்காரர்களின் அப்பீல் மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்குப் போகும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கலங்க வேண்டாம். திருச்சி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் இருதரப்பும் பேசி முடிக்கவும் வழி உண்டு.

மறுபடியும் அந்த வீட்டு வாசல்

சித்திரை வீதி வீட்டுக்குத் திரும்புவோம். கதையைக் கொஞ்சம் மாற்றுவோம்.

"மாமா, சாவியைக் கொடுங்கள்" என்கிறான் பையன்.

மாமா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

"லைசென்சு வாங்கிக்கொண்டு வாடா. அன்றைக்கு நானே உன்னை ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து வருகிறேன். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் போய் அத்தையை அழைத்து வா."

பையன் முகம் வாடுகிறது. முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறுகிறான்.

பஸ் மாம்பழச் சாலையைத் தாண்டுகிறது. ஜன்னல் வழியே பார்க்கிறான். சைக்கிளில் ஒரு பூ வியாபாரி போய்க்கொண்டிருக்கிறார். கூடையில் மல்லிகை.

சாயங்காலம் அவர் தம் வீட்டுக்குப் போவார். குழந்தைகள் வாசலில் காத்திருக்கும்.

பையன் வருத்தம் இரண்டு நாளில் ஆறிவிடும். மற்றது ஆறாது.